நாற்பத்து மூன்று பேர், பதினொரு குடும்பம்

ஜீப் நின்ற பிறகுதான் சூதாபே அந்தப் பழைய தாள்களை ஒழுங்காகப் பார்த்தாள். பத்து வருடத்துக்கு ஒரு முறை எடுத்த மக்கள்தொகைக் கணக்கு, மொத்தம் நான்கு தாள்கள். நாற்பது வருடத்துக்கு முன்பு கலாத்தே மர்வாரில் நாற்பத்து மூன்று பேர், பதினொரு குடும்பம். முப்பது வருடத்துக்கு முன்பும் நாற்பத்து மூன்று பேர், பதினொரு குடும்பம். இருபது வருடத்துக்கு முன்பும் அதே. பத்து வருடத்துக்கு முன்பும் அதே. ஓர் ஊரில் பிள்ளை பிறக்காதா, கிழவன் சாகமாட்டானா, வேலை தேடி ஒருத்தனாவது மஷ்ஹதுக்கு ஓடமாட்டானா? இரண்டாவது தாளுக்கும் மூன்றாவது தாளுக்கும் நடுவில் ஒரு பெரிய நிலநடுக்கம் வந்து, சுற்றுவட்டாரக் கிராமங்களில் பாதிப் பேரை மண்ணுக்குள் கொண்டுபோயிருந்தது. இங்கே அதற்கும் ஒரு தலை குறையவில்லை.

சோம்பேறிப் பயல்கள், காயென் கடைத்தெருவில் டீ குடித்துக்கொண்டே முந்தின தாளைப் பார்த்து எழுதியிருக்கிறார்கள் என்று அவள் நினைத்தாள். பத்து வருடத்துக்கு முன்பு வந்த கியூமர்ஸ் என்பவர் மட்டும் அழகாக எழுதியிருந்தார். நான்கு என்ற எண்ணின் வாலைக் கீழே இழுத்து, ஆட்டுக்குட்டி வால் மாதிரி சுருட்டியிருந்தார். அழகாக எழுதிய பொய் என்று சொல்லிக்கொண்டு தாள்களைப் பைக்குள் வைத்தாள்.

"வரைபடத்துலயே மூணு எடத்துல புள்ளி வெச்சிருக்கானுங்க இந்த ஊருக்கு" என்றார் டிரைவர் ஹைதர். "ஒண்ணு ஆத்துக்கு இந்தப் பக்கம், ஒண்ணு அந்தப் பக்கம், ஒண்ணு மலை மேல. உள்ள வந்தவன் திரும்பிப் போயிருந்தாத்தானே டீச்சரம்மா சரியாக் குறிப்பான்?"

"வாயை வெச்சுக்கிட்டு சும்மா இருங்கண்ணே. ரெண்டு மணிக்குக் கிளம்பணும். அதுக்கு மேல ஒரு நிமிஷம் ஆகக்கூடாது."

அவளுக்கு ஐந்து மாதக் குழந்தை இருந்தது. குல்னார். விடியற்காலையில் பால் கொடுத்து, தூங்கவைத்து, கணவன் ஈரஜின் கையில் ஒரு புட்டியையும் கொடுத்துவிட்டு வந்திருந்தாள். குல்னார் புட்டியைக் கண்டாலே வாயை இறுக மூடிக்கொள்ளும். பள்ளிக்கூட வாத்தியார்களை எல்லாம் கணக்கெடுப்புக்கு அனுப்பியபோது பச்சைக் குழந்தைக்காரி என்று யாரும் இரக்கப்படவில்லை. பிறந்ததிலிருந்து அந்தக் குழந்தையை இத்தனை நேரம் பிரிந்திருப்பது இதுதான் முதல் முறை. வீட்டுக்கு ஜீப்பில் இரண்டு மணி நேரம். இருட்டுவதற்குள் போய் அதை மடியில் போட்டுக்கொள்ள வேண்டும், அதற்குமேல் அன்றைக்கு அவளுக்கு எதுவும் வேண்டியிருக்கவில்லை.

ஊர் ஒரு சரிவில் ஒட்டிக்கொண்டிருந்தது. மண் சுவர்கள், மண் கூரைகள், கூரை மேல் சிவப்பாகக் காயும் ஜெரெஷ்க் பழங்கள். ஜீப்பின் பின்னால் ஓடிவரும் பிள்ளைகள் இல்லை, குரைக்கும் நாய் இல்லை. குங்குமப்பூ அறுவடைக் காலம் என்பதால் எல்லா வீட்டுக்குள்ளிருந்தும் அந்த வாசனை வந்தது. தேனும் காய்ந்த புல்லும் கலந்தது போல ஆரம்பித்து, உள்ளே போகப்போக ஆஸ்பத்திரி மருந்து நெடியாக மாறி, மூக்கின் பின்னால் போய்த் தங்கிவிடுகிற வாசனை. முதல் வீட்டுக் கதவை அவள் தட்டவே இல்லை. தட்டுவதற்குக் கையைத் தூக்கும்போதே திறந்தது. இரண்டாவது வீடும் அப்படித்தான். மூன்றாவதில் கையைத் தூக்காமல் நின்று பார்த்தாள். அதுவும் திறந்தது.

உள்ளே, எல்லா வீட்டிலும் ஒரே காட்சி. நடுவில் ஊதாப் பூக்களின் குவியல், சுற்றிலும் உட்கார்ந்து சிவப்பு இழையைக் கிள்ளும் பெண்கள், மஞ்சளேறிய விரல்கள். அவள் பெயர் கேட்டாள், வயது கேட்டாள், நேற்றிரவு இந்த வீட்டில் எத்தனை பேர் தூங்கினீர்கள் என்று கேட்டாள். எல்லாரும் மரியாதையாகப் பதில் சொன்னார்கள். சொல்லும்போது யாருமே அவள் முகத்தைப் பார்க்கவில்லை. அவள் மார்பைப் பார்த்தார்கள், பார்த்துவிட்டுத் தலையை ஆட்டிக்கொண்டார்கள்.

பதினொரு குடும்பம் மட்டுமே இருக்கிற ஊரில் ஒருத்தருக்கொருத்தர் கொடுத்து வாங்கி, எல்லா மூக்கும் ஒரே மாதிரி ஆகியிருக்கும். எல்லா நாக்கும் ஒரே மாதிரி புரளும். இங்கே அப்படி இல்லை. மூன்றாவது வீட்டுக்காரி இஸ்ஃபஹான்காரர்களைப் போல இழுத்து இழுத்துப் பேசினாள். நான்காவது வீட்டுக் கிழவர் பூக்களை எண்ணும்போது வாய்க்குள் துருக்கி மொழியில் எண்ணினார். ஆனால் பிறப்புச் சான்றுப் புத்தகத்தைப் பிரித்தால் எல்லாருக்கும் பிறந்த ஊர் கலாத்தே மர்வார்தான். மூன்றாவது வீட்டில் அந்தப் புத்தகத்துப் புகைப்படத்தையும் எதிரே இருந்த முகத்தையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"இது யாரோட படங்க?"

"என்னுதுதான். அப்ப மெலிஞ்சிருந்தேன்" என்றாள் இஸ்ஃபஹான் குரல்காரி.

மெலிந்தால் காது மாறுமா, கண்ணின் நிறம் மாறுமா என்று அவள் கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டும். நேரமாகிறது என்று எழுதிக்கொண்டு எழுந்துவிட்டாள்.

ஆறாவது வீட்டில் குடும்பத் தலைவன் பெயர் ரஹ்மத். ஐம்பது வயதிருக்கும், கண்ணாடி போட்டிருந்தான், ஒரு பக்கக் காம்பு நூலால் கட்டியிருந்தது. அவள் படிவத்தை நீட்டினாள். அவன் பேனாவை வாங்கிய விதமே எழுதிப் பழகிய கையாக இருந்தது. வீட்டில் உள்ளவர்கள் என்ற கட்டத்தில் நான்கு என்று எழுதி, வாலைக் கீழே இழுத்து, சுருட்டினான்.

அவள் அந்தச் சுருட்டலையே பார்த்தாள். ரஹ்மத்தும் அவள் பார்ப்பதைப் பார்த்தான். பேனாவின் மூடியைப் போட்டு, இரண்டு கையாலும் அவளிடம் நீட்டினான்.

"நல்ல வேலை இது. கால்தான் வலிக்கும்" என்றான்.

எத்தனையோ பேர் அப்படி எழுதுவார்கள் என்று ஏழாவது வீட்டுக்குப் போகும் வழியில் அவள் தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். எட்டாவது வீட்டுக்குப் போகும்போதும் சொல்லிக்கொண்டாள். 

மதியம் கணக்கை முடித்தபோது நாற்பத்து இரண்டு வந்தது. இரண்டு முறை கூட்டினாள். அதே நாற்பத்து இரண்டு. அவளுக்குச் சிரிப்பே வந்தது. நாற்பது வருடப் பொய்யை ஒரே நாளில் உடைத்தாயிற்று, இனிமேல் ஊர்த் தலைவர் நௌரூஸின் முத்திரையைப் படிவத்தில் குத்தி வாங்கிக்கொண்டு ஓட வேண்டியதுதான்.

நௌரூஸ் படிவத்தைத் தூரமாகப் பிடித்து வாசித்தார். பழுத்த கிழவர், குரலில் சர்க்கரை.

"ஒண்ணு குறையுதே டீச்சரம்மா."

"குறைஞ்சா குறைச்சலாத்தானே எழுதணும்?"

"அதுவும் வாஸ்தவந்தான். பதினோராவது வீட்டு யூசுஃப் பொண்டாட்டி ஜீனத், ஒம்பது நாள் முந்தி தவறிட்டா. கைப்பிள்ளைக்காரி. பிள்ளை பால் இல்லாம கத்திக்கிட்டே கெடக்கு." படிவத்தை மடித்து முழங்காலுக்கு அடியில் வைத்துக்கொண்டார். "ஒரு வாய் சாப்பிட்டுட்டுப் போங்க. முத்திரை எங்க ஓடிடப் போகுது?"

அவள் மூன்று முறை வேண்டாம் என்றாள். மூன்று முறை மறுப்பது மரியாதை. நான்காவது முறை மறுத்தால் வீட்டுக்காரர் முகத்தில் அறைந்தது மாதிரி. அவள் உட்கார்ந்தாள்.

விரிப்பைச் சுற்றி ஊரே வந்து உட்கார்ந்தது. ஜெரெஷ்க் தூவிய மஞ்சள் சோறு, தயிர், ரொட்டி. அறையின் ஒரு மூலையில் பூக்குவியல், பெண்கள் சாப்பிடாமல் கிள்ளிக்கொண்டே இருந்தார்கள். இழை பிரியும்போது கேட்கும் அந்தச் சின்னச் சத்தம், நகம் நகத்தில் படுவது போல, இருபது கைகளிலிருந்து ஓயாமல் வந்தது. நௌரூஸின் மனைவி கோஹர் அவள் தட்டில் சோற்றைக் குவித்தாள். குவித்தபடியே, ரொம்பச் சாதாரணமாகச் சொன்னாள்.

"ஒம்பது நாள் முந்தி யூசுஃப் வீட்ல எல்லாரும் இதே மாதிரி ஒக்காந்து சாப்பிட்டோம் டீச்சரம்மா. உங்க இடம் காலியா இருந்துச்சு."

அந்த நாட்டில் இதைச் சொல்லாத வாய் கிடையாது. கல்யாணத்துக்குப் போய் வந்தவர், சுற்றுலா போய் வந்தவர், நல்ல சாப்பாடு சாப்பிட்டவர், வராதவரைப் பார்த்து 'உங்க இடம் காலியா இருந்துச்சு' என்பார். அதற்குப் பதிலும் ஒன்றுதான். குழந்தைகளுக்குப் பேச வரும்போதே நாக்கில் ஏற்றிவிடுகிற பதில். தும்மினால் கை மூக்குக்குப் போவது போல அது தானாக வரும். சூதாபேக்கும் வாயில் சோற்றோடு வந்தது.

"எங்க இடத்துல வேண்டியவங்க இருக்கட்டும்."

கிள்ளும் சத்தம் நின்றது.

எல்லாக் கையும் ஒரே நேரத்தில் நின்றது. அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. ஒன்பது நாள் முந்தி யூசுஃப் வீட்டில் போட்டது சாவுச் சோறு. சாவுச் சோற்றுக்கு யாரும் உங்க இடம் காலி என்று சொல்லமாட்டார்கள். சொன்னால் அது சாபம். பைத்தியக்காரியும் சொல்லமாட்டாள்.

"என்ன சொன்னீங்க?" என்றாள் சூதாபே.

"உங்க இடத்துல வேண்டியவங்க இருக்கட்டும்னு நீங்க சொன்னதுதாம்மா கணக்கு" என்றாள் கோஹர். முதல் முறையாக அவள் சூதாபேயின் கண்ணைப் பார்த்தாள். "எல்லாரும் கேட்டோம்ல?"

கேட்டோம் என்று எல்லாரும் சொன்னார்கள். ஒருவர் பின் ஒருவராக, வரிசையாக. அவள் எண்ணவில்லை, ஆனால் எத்தனை குரல் என்று அவளுக்குத் தெரிந்தது. பிறகு மறுபடியும் கிள்ள ஆரம்பித்தார்கள். யாரோ டீ கொண்டுவந்தார்கள். வாசனை கெட்டியாகியிருந்தது. மூடிய அறையில் புதுக் குங்குமப்பூவோடு நெடுநேரம் இருந்தால் தலை கனக்கும் என்பது அவளுக்குத் தெரியும். டீயைக் குடித்ததும் எழுந்துவிடலாம் என்று நினைத்தாள். ஒரு டீ. ஐந்து நிமிடம்.

வலிதான் அவளை எழுப்பியது. மார்பு இரண்டும் கல்லாகக் கட்டியிருந்தன, சட்டை முன்புறம் நனைந்து ஒட்டியிருந்தது. கையில் டம்ளர் இருந்தது, டீ ஆறி ஏடு கட்டியிருந்தது. எதிர்ச் சுவரில் வெயில் கூரை வரைக்கும் ஏறிச் சிவந்திருந்தது. அறையில் நௌரூஸ் இல்லை, ஆண்கள் யாரும் இல்லை. பெண்கள் மட்டும் கிள்ளிக்கொண்டிருந்தார்கள். அவளுடைய பை இல்லை. தலையில் கட்டியிருந்த கறுப்புத் துணி இல்லை. தலையில் வேறு ஏதோ துணி இருந்தது, பூப்போட்டது, யாருடைய வியர்வையோ நாறும் பழைய துணி.

வெளியே ஓடினாள். ஜீப் நின்ற இடத்தில் எண்ணெய்ச் சொட்டு மட்டும் கிடந்தது. சரிவின் கீழே பாதை வெறிச்சோடிக் கிடந்தது. ஹைதர் அண்ணே என்று கத்தினாள். மலை அதைத் திருப்பிக்கூடச் சொல்லவில்லை.

"அவரு ரெண்டு மணிக்கே போயிட்டாரு" என்றான் ரஹ்மத். சுவரோரம் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தான். "ஒரு நிமிஷம்கூடப் பிந்தக்கூடாதுன்னு நீங்கதானே சொன்னீங்களாம்."

"என்னை விட்டுட்டா?"

"இல்லையே. உங்களக் கூட்டிக்கிட்டுத்தான் போனாரு."

அவள் அவன் எதிரே வந்து நின்றாள். "நீ கியூமர்ஸ்தானே? பத்து வருஷத்துக்கு முன்னாடி கணக்கெடுக்க வந்தவன்தானே?"

"அப்படி ஒரு பேரு இருந்துச்சு." அவன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தான். "இங்க எண்ணிக்கை குறையக்கூடாது டீச்சர். ஏன்னு எனக்குத் தெரியாது. இங்க யாருக்கும் தெரியாது. அப்ப எனக்கு முந்தின ரஹ்மத் செத்து ஏழு நாள் ஆகியிருந்துச்சு. எனக்கும் சோறு போட்டாங்க. நானும் வாய்க்குள்ள இருக்குற பதிலச் சொன்னேன்."

"காலையில என்கிட்ட சொல்லியிருக்கலாமே. ஒரு வார்த்தை. ஒரே ஒரு வார்த்தை!"

"சொல்லியிருக்கலாம்" என்றான். அவன் குரலில் வெட்கமே இல்லை. "எனக்கு யாரு சொன்னா?"

நௌரூஸ் வாசலில் வந்து நின்றார். அதே சர்க்கரைக் குரல். "வீட்டுக்குப் பேசணும்னா பேசிக்கோங்க. உள்ளதான் போன் இருக்கு. நாங்க யாரையும் தடுக்குறதில்ல."

"பேசாதீங்க டீச்சர்" என்றான் ரஹ்மத். "நான் பேசினேன். என் மவ எடுத்தா. அப்பா தூங்குறாரு, நீங்க யாருன்னு கேட்டா."

அவள் அவனைத் தள்ளிக்கொண்டு உள்ளே ஓடினாள். ஊருக்கே ஒரு போன். மாடத்தில் இருந்தது. விரல் தவறி இரண்டு முறை தப்பாகச் சுழற்றினாள். மூன்றாவது முறை மணி அடித்தது. அடித்தது. அடித்தது.

"ஹலோ?" ஈரஜ்.

"ஈரஜ், நான்தான். நான் சூதாபே பேசுறேன். கேளு, நான் இன்னும் இங்கதான் இருக்கேன், கலாத்தே மர்வார்ல—"

"யாரு? சத்தமே சரியாக் கேக்கலீங்க. சூதாபேகிட்ட பேசணுமா? இப்பத்தான் வந்தா. இருங்க, பிள்ளைக்குப் பால் குடுத்துக்கிட்டு இருக்கா."

"அது நானில்ல! ஈரஜ், பிள்ளைய வாங்கு. அவகிட்டேருந்து பிள்ளைய வாங்கு!"

"ஊர்லேருந்து பேசுறீங்களாம்மா? என்ன ரோடுங்க அது, தலையெல்லாம் மண்ணு, நகத்துக்குள்ள எல்லாம் மண்ணு. கை ஐஸ் மாதிரி இருக்கு. வந்ததுலேருந்து ஒரு வார்த்தை பேசல, அவ்வளவு களைப்பு." அவன் சிரித்தான். அவளுக்குத் தெரிந்த சிரிப்பு, பக்கத்தில் மனைவியை வைத்துக்கொண்டு அவளைச் சீண்டுகிற சிரிப்பு. "பிள்ளைகூட மொதல்ல வாயே வைக்கல. அலறிடுச்சு. புடிச்சு வெச்சுக் குடுத்தோம். இப்பப் பழகிடுச்சு."

அவள் கத்தினாள். என்ன கத்தினாள் என்று அவளுக்கே தெரியவில்லை. தன் பெயரைக் கத்தினாள். கல்யாணத் தேதியைக் கத்தினாள். குல்னாரின் இடது தொடையில் இருக்கும் மச்சத்தைக் கத்தினாள்.

"லைன் கொர கொரங்குதுங்க" என்றான் ஈரஜ்.

யாரோ அவளைத் தோளைப் பிடித்து உட்காரவைத்து, மடியில் எதையோ வைத்தார்கள். சூடாக, ஈரமாக, எடையே இல்லாமல். யூசுஃபின் பிள்ளை. ஒன்பது நாள் அரைப் பட்டினியில் குரல் போய், வாயை மட்டும் திறந்து திறந்து மூடியது. அவள் அதைத் தள்ளப் பார்த்தாள். கை தள்ளியது, மார்பு கேட்கவில்லை. பால் தானாகப் பீறியது. கோஹர் அவள் சட்டைப் பொத்தானைக் கழற்றினாள், தாயைப் போல, அவசரமே இல்லாமல்.

"அவ உன் பிள்ளைக்குக் குடுக்குறா. நீ அவ பிள்ளைக்குக் குடு. இதுல என்னடி அழுகை?"

பின்னால், விரிப்பின் மேல் படிவத்தை விரித்து, ரஹ்மத் நாற்பத்து மூன்று என்று எழுதிக்கொண்டிருந்தான். நௌரூஸ் முத்திரையில் மூச்சை ஊதி, தாளில் அழுத்தினார்.

அவள் போனை விடவில்லை. ஈரஜ் போனை எங்கோ வைத்துவிட்டுப் போயிருந்தான், துண்டிக்கவில்லை. அறையின் சத்தம் கேட்டது. அவர்கள் வீட்டுச் சுவர்க் கடிகாரம். அடுப்பில் ஏதோ கொதிப்பது. அதற்கும் பக்கத்தில், போனுக்கு ரொம்பப் பக்கத்தில், குல்னார் விழுங்கும் சத்தம். அவளுக்கு அந்தச் சத்தம் தெரியும். மூன்று மடக்கு, ஒரு மூச்சு. மூன்று மடக்கு, ஒரு மூச்சு.

பிறகு மூச்சு வரவில்லை. மடக்கு, மடக்கு, மடக்கு.

தூரத்திலிருந்து ஈரஜின் குரல் கேட்டது. சிரிப்பு இல்லாத குரல்.

"சூதாபே, பிள்ளை வாயோரம் என்னது கறுப்பா... மண்ணா? ஏய். எடு. எடுடீ. பிள்ளை மூஞ்சி நீலமாவுது, கையை எடு!"

விழுங்கும் சத்தம் நிற்கவில்லை.